ஒம்பது எறங்குது

கதிரேசனின் ஹெல்மெட்டில் எந்தக் கோளாறும் இல்லை. மெக்கானிக் நவநீதனுக்கு அதுதான் பிடிபடவில்லை.

இடது பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே பஞ்சு காய்ந்து கறுத்துக் கிடந்தது. கம்பெனிக்காரர்கள் அதைத் துடைக்கக்கூட இல்லை. பாலித்தீன் பையில் போட்டு மேசைமேல் வைத்து, "செட்டு வேலை செய்யுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். காதோரம் பொருத்தியிருந்த ரேடியோ செட் நன்றாகவே வேலை செய்தது. போட்டிருந்தவன் செத்துப்போனான், செட்டில் ஒரு கீறல் இல்லை.

இரைச்சல் புகார் வந்தால் நவநீதன் பார்க்கிற முறை என்றைக்கும் ஒன்றுதான். முதலில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் இரைந்தால் செட்டில் குறை. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரைந்தால் வண்டியில் குறை. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க 'உய்ய்ங்' என்று சத்தம் ஏறினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. எர்த் வயரைப் பிரித்து நேரே பேட்டரி மைனஸில் கட்டினால் போய்விடும். பட்பட்டென்று வெடித்தால் பிளக் மூடியை மாற்ற வேண்டும். குழியில் இறங்கும்போது மட்டும் கரகரத்தால் எங்கேயோ ஓர் இணைப்பு ஆடுகிறது. தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல வண்டிக்கு வேறு வாய் கிடையாது.

இந்தச் செட்டில் ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

அஞ்சூர் மலைக்குப் போகிற சாலை ஒரு பெருமழையில் பாதி சரிந்து போனதிலிருந்து மேலே கார், பஸ் எதுவும் ஏறுவதில்லை. பைக்தான். அதிலும் மின்சார வண்டிகள் பாதி ஏற்றத்தில் மூச்சடைத்து நின்றுவிடும். இன்னும் பெட்ரோல் வண்டிகள்தான் ஓடின. மேலிருக்கும் ஊர்களுக்கு மருந்து, பால்மாவு, தபால், ஆள் எல்லாம் கம்பெனி வண்டியில் போகும்; ரத்த மாதிரியும் காபி மூட்டையும் கீழே வரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே வருவது தெரியாது. போன் சிக்னலும் கிடையாது. அதனால் ஓட்டுகிறவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இறங்குகிறவர் வளைவுக்கு முன்னால் ரேடியோவில் அந்த வளைவின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "ஒம்பது எறங்குது." அவ்வளவுதான். 'நான் வர்றேன்', 'பாத்துப்பா' எதுவும் கூடாது. எல்லோரும் ஒரே சொல், ஒரே தட்டைக் குரல். ஆளுக்கு ஒரு விதமாய்ச் சொன்னால் குழப்பம் வரும், குழப்பம் வந்தால் ஆள் போய்விடும் என்று பயிற்சியிலேயே அடித்துச் சொல்வார்கள். அந்த வளைவில் ஏறிக்கொண்டிருப்பவர் காதில் விழுந்தால் "ஏறுது" என்பார். இறங்குகிறவர் நின்றுவிடுவார். பதில் வராவிட்டால் வழி காலி.

பத்து நாளைக்கு முன்னால் பூவிழி மேலிருந்து ரத்த மாதிரிகளோடு இறங்கினாள். அவள் புருஷன் கதிரேசன் கீழிருந்து மருந்தோடு ஏறினான். இருவருக்கும் ஒரே கம்பெனி. ஒன்பதாம் வளைவில் அவள் வண்டி அவன் வண்டியில் இடித்தது. அவன் பள்ளத்தில் விழுந்து அங்கேயே செத்துப்போனான். அவளுக்குக் கால் எலும்பு நொறுங்கியது. கம்பெனியின் ரேடியோப் பதிவில் அவள் கூப்பிட்ட குரல் இல்லை. கூப்பிடாமல் இறங்கி ஆளைக் கொன்றாள் என்று வழக்கு. கதிரேசனின் அப்பா பேத்தி இனியாவைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வழக்கு முடியட்டும், அவள்மேல் தப்பில்லை என்று சர்க்கார் சொல்லட்டும், அப்புறம் அனுப்புகிறேன் என்றார்.

"நான் கூப்பிட்டேன்" என்று பூவிழி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

"என்னுங்ணா, ஹெல்மெட்டைக் கட்டிக்கிட்டுத் தவம் பண்றீங்க?" என்று கேட்டபடி சாரதி கடைக்குள் வந்தான். அவனும் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். வாய் ஓயாது. அவனுக்கு எதிரே வண்டி ஓட்டினால் ரேடியோ நாடகம் கேட்ட மாதிரி இருக்கும் என்பார்கள்.

"உன்ற ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லு. ஒம்பது எறங்குதுன்னு சொல்லு."

"ஏன், இங்கயே காதுல சொல்றேன்."

"போடா."

சாரதி புளியமரத்தடியில் போய் நின்றான். நவநீதன் கதிரேசனின் ஹெல்மெட்டை மாட்டினான். காய்ந்த பஞ்சு கன்னத்தில் உரசியது. பொறுத்துக்கொண்டான். சாரதியின் வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கையாட்டி, மறுபடி என்றான். மறுபடியும் அசைந்தது. கேட்கவில்லை.

"காது அவிஞ்சு போச்சாங்ணா? நானென்ன ஊமைப் படமா காட்டறேன் இங்க?" காதுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாகக் கேட்டது.

நவநீதன் ஹெல்மெட்டை இறுக்கி மாட்டினான்.

"இப்ப மறுபடி ஒம்பது எறங்குதுன்னு சொல்லு."

வாய் அசைந்தது. ஒன்றுமில்லை.

"ஒம்பதுல எங்க மாமியா எறங்குறா, வழி விடுங்கடா!" என்று சாரதி கத்தினான். அது கேட்டது.

பெட்டி பிரிக்காத புதுச் செட் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தான். அதில் எல்லாமே கேட்டது. எறங்குது, ஏறுது, எல்லாம். அப்பாடா என்று இருந்தது. மறுநாள் காலையில் அதே புதுச் செட்டை மாட்டினான். ராத்திரி முழுக்கச் சும்மா மேசைமேல் கிடந்த செட், அதுவும் செவிடாகியிருந்தது.

கம்பெனியின் பொறியாளர் ரெஹானா பட்டணத்திலிருந்து வந்திருந்தாள். வண்டிக் கொட்டகையின் ஓரத்தில், பழைய டயர்களின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவளிடம் நவநீதன் எல்லாவற்றையும் சொன்னான். கோபப்படுவாள், மறுப்பாள் என்று நினைத்திருந்தான். அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அது பழுது இல்லண்ணா. அதுக்குக் குடுத்த வேலையே அதுதான்."

"என்ன வேலை?"

"போன வருஷம் இரைச்சலை வடிகட்ட 'அமைதி'ன்னு ஒரு சாஃப்ட்வேரைச் செட்டுல ஏத்தினோம் இல்ல? அதுக்கு முன்னாடி வாரம் முழுக்க நீங்க எர்த் வயரைப் பிரிச்சிட்டே இருப்பீங்க. அது வந்தப்புறம் யாராவது இரைச்சல்னு வந்தாங்களா?"

வரவில்லை. ஆல்டர்னேட்டர் சத்தம் முதல் நாளே போயிற்று. ஒரு வாரத்தில் காற்று, ஹாரன், ஒன்பதாம் வளைவின் அருவி எல்லாம் போயின. ஓட்டுகிறவர்கள் சொர்க்கம் என்றார்கள். நவநீதனின் கடையில் ஈ ஓட்டவும் ஆளில்லை.

"இரைச்சல்னா என்னன்னு ஒரு மிஷினுக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?" ரெஹானா கேட்டாள். "மாறாம, அப்படியே, திரும்பத் திரும்ப வர்றது இரைச்சல். மாறிட்டே இருக்கிறது பேச்சு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். எது அப்படியே வருதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடும்."

"மனுசன் சொல்றதுமா?"

"ஒரே சொல்லு, ஒரே தொனி, நாள் முழுக்க. அதுக்கு அது எஞ்சின் ஓடற மாதிரிதான்."

"மாத்திச் சொல்லக் கூடாதுன்னுதான் எங்களைப் பழக்குனாங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு துறைமுகத்துல இப்படி ஆச்சு. கிரேன்காரங்க 'நிறுத்து'ன்னு சொன்னது கீழ போகல. அப்புறந்தான் எங்களுக்கே புரிஞ்சுது."

"அங்க என்ன பண்ணீங்க?"

"வேற வேற மாதிரி சொல்லச் சொன்னோம்."

கொட்டகைக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் தேய்ந்ததும் நவநீதன் கேட்டான்.

"சரி, வடிகட்டாத சத்தம் எங்கயாச்சும் இருக்குமில்ல? அதுல அந்தப் புள்ள கூப்பிட்டது இருக்கும்."

"குப்பையை யாருண்ணா சேத்து வைப்பா?"

"அப்போ அமைதியைக் கழட்டிக் கடாசிடலாம்."

"கழட்டினா செட்டு ஓடாது. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. செட்டு மட்டும் இல்ல, உங்க போன்ல, ஆபீஸ் மைக்ல, கோர்ட்டுல, எல்லாத்துலயும் இதான். ஒரு குரலை ஒரு இடத்துல பழகினா எல்லா இடத்துக்கும் சொல்லிடும். உங்க புதுச் செட்டு ராத்திரி கத்துக்கிட்டது அப்படித்தான். இது இல்லாத செட்டை இப்ப யாரும் செய்யறதே இல்ல."

"ஏம்மா, கூப்பிட்டது காதுல விழலைன்னு ஒருத்தனுக்குக்கூடத் தெரியாமப் போச்சே?"

ரெஹானா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கேக்காததை எப்படிண்ணா கேக்கலைன்னு தெரிஞ்சுக்குவீங்க? வழி காலின்னுதானே நினைப்பீங்க?"

அவன் அறிக்கை எழுதினான். அவளும் அதில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே அவளை வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள்.

போவதற்கு முன் கம்பெனி சார்பில் அவள்தான் ஓட்டுகிறவர்களைக் கூட்டிச் சொன்னாள். இனி யாரும் ஒரே மாதிரி கூப்பிடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் சில நாள் மலை முழுக்கத் திருவிழாவாக இருந்தது. "ஏழுல எறங்குறான் எமகாதகன்." "நாலாம் வளைவுக்காரி நல்லா இருக்காளா?" "பன்னெண்டு எறங்குது, பசி உசுரு போகுது, யாராச்சும் போண்டா வாங்கி வைங்கடா." சாரதி சினிமாக் கதையை வளைவுக்கு ஒரு காட்சியாகச் சொல்லிக்கொண்டே இறங்கினான். மேலே ஏறுகிறவர்கள் கதை முடிவதற்காக வண்டியை ஓரம் கட்டிக் காத்திருந்தார்கள்.

பிறகு வசவு வந்தது. வசவும் தீர்ந்தது. ஒரே கெட்ட வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? அமைதி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது. ஒருத்தனுக்குப் பழகியது இன்னொருத்தனுக்கும் பழகியது. வண்டி ஓட்டுவதைவிட அடுத்த வளைவில் என்ன சொல்வது என்று யோசிப்பது பெரும்பாடாகிவிட்டது. யோசித்துக்கொண்டே போய் ஒருவன் வண்டியோடு மண்மேட்டில் மோதினான்.

மாரப்பன் என்று ஒருவர் இருந்தார். அத்தனை பேரிலும் நல்ல கை அவருடையது. வாயைத் திறந்தால் வேலைக்கு வேண்டிய சொல் மட்டும்தான் வரும். பொண்டாட்டியிடமே அளந்துதான் பேசுவார். அவர் ஒருநாள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நவநீதன் மேசைமேல் வைத்தார்.

"என்னாச்சுங்க?"

"எனக்குப் பேச்சு வராதுங். ஓட்டத்தான் வரும்."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். இப்போது கீழே ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிறார்.

விசாரணை நாளன்று, வாக்குமூலம் பதிகிற டெர்மினலை வண்டியில் கட்டிக்கொண்டு நவநீதன் மலை ஏறினான். பூவிழி மேலே அஞ்சூர் சுகாதார நிலையத்தில் கிடந்தாள். காலில் கம்பி வைத்திருந்தார்கள். பைக்கில் உட்கார்த்திக் கீழே கொண்டுவர முடியாது. அதனால் குரல் வாக்குமூலம். சுகாதார நிலையத்தின் மொட்டைமாடியில் மட்டும் அரைகுறையாக ஒரு இணைப்பு கிடைக்கும்; படம் போகாது, குரல் மட்டும் போகும். சட்டத்துக்கு அது போதும். வேறு யாரும் அவளுக்காகப் பேச முடியாது. குரல் அவளுடையதுதானா என்று டெர்மினலே சோதிக்கும். வேறு குரலை எடுத்துக்கொள்ளாது.

வாக்குமூலம் முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது விதி. 'ஆமாம்', 'இல்லை' என்றால் செல்லாது.

அவளைக் கட்டிலோடு மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முகம் சுண்டிப் போயிருந்தாள்.

"இனியாகிட்டப் பேசினியா கண்ணு?"

"போன் போட்டா எடுக்குது. 'அம்மா பேசறேன் சாமி'ன்னு சொல்றேன். அந்தப் பக்கம் 'தாத்தா, அம்மா பேசவே மாட்டேங்குது'ன்னு சொல்லிட்டு வெச்சிருது." அவள் சிரிக்கப் பார்த்தாள். "தெனமும் அப்படித்தானுங்ணா நான் ஆரம்பிப்பேன். வேற எப்படி ஆரம்பிக்கறது?"

நவநீதன் ஒயரைச் சொருகினான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது உதவியது. சொருகியபடியே சொன்னான்: "இன்னைக்கு 'நான் கூப்பிட்டேன்'னு அப்படியே சொல்லாத. சுத்தி வளைச்சுச் சொல்லு. புதுசா இருக்கணும். உன்ற வாயில இதுவரைக்கும் வராத மாதிரி இருக்கணும்."

"எத்தனை விதமாச் சொல்றது?"

"ஒண்ணு போதும். ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ச் சேந்தாப் போதும்."

அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு மைக்கைப் பார்த்தாள்.

இணைப்பு வந்தது. விசாரணை அதிகாரி நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது.

"பூவிழி, கால் எப்படி இருக்கும்மா?"

"பரவால்லீங்."

"ஹெல்மெட் செட்டைப் பத்தி மெக்கானிக் குடுத்த அறிக்கையைப் படிச்சேன். பதிவுல உங்க குரல் இல்லைங்கறதை மட்டும் வெச்சு உங்களைக் குத்தவாளின்னு சொல்ல முடியாதுன்னு எனக்கே படுது. நீங்க உங்க வாயால ஒரு தடவை சொல்லிட்டாப் போதும். எழுதி இன்னைக்கே முடிச்சிடறேன். அன்னைக்கு ஒன்பதாம் வளைவுல கூப்பிட்டீங்களா, இல்லையா? முழுசாச் சொல்லுங்க."

"நான் கூப்பிட்டேனுங்" என்றாள் பூவிழி. வாயில் ஊறிப்போயிருந்தது, அதுவாகவே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் யாரோ தாள் புரட்டுகிற சத்தம்.

"சொல்லுங்கம்மா."

நவநீதன் தலையை ஆட்டினான். வேறு, வேறு மாதிரி. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "வளைவுக்கு முன்னாடியே ரேடியோவுல நான் கொரல் குடுத்தேன்."

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"அவருக்குக் கேக்கணும்னு சத்தமாச் சொன்னேன்."

"இருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க."

"இருக்கேனுங்."

"ஆங், இது கேக்குது. பதில் சொல்லுங்க."

அவள் சொன்னாள். மாற்றிச் சொன்னாள். திருப்பிப் போட்டுச் சொன்னாள். முன்பாதியைப் பின்னால் வைத்துச் சொன்னாள். கடைசியில் கத்தினாள். சுகாதார நிலையத்துக்குக் கீழே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்கள். மலைக்கே கேட்டது. ஒயருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே ஒரு ஆளுக்குக் கேட்கவில்லை.

"எல்லாம் மாமனார்கிட்டச் சொல்லித் தீத்துட்டேனுங்ணா" என்றாள் அவனிடம், தாழ்ந்த குரலில். "நான் கூப்பிட்டேன், புள்ளையக் குடுங்கன்னு. போன்ல. ஒரு மாசமா. எப்படியெல்லாம் சொல்ல முடியுமோ அப்படியெல்லாம். நடந்தது ஒண்ணுதானே? அதை நானென்ன கதையாட்டமா மாத்துவேன்?"

அழுதாள். அழுகை அந்தப் பக்கம் போகவில்லை. ஒரே மாதிரி வருகிற சத்தங்களில் அதுவும் ஒன்று; எப்போதோ போயிருக்கும்.

"அம்மா, நீங்க பேசாம இருந்தா நான் என்ன எழுதறது?" அதிகாரிக்கு உண்மையிலேயே வருத்தம். "பதில் சொல்ல மறுக்கறாங்கன்னு எழுத வேண்டியிருக்கும். அது உங்களுக்கு நல்லதில்ல. மெக்கானிக் அங்கதான் இருக்காரா? அவராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"ஐயா, அவங்க பேசிட்டுத்தான் இருக்காங்க! உங்களுக்குத்தான் விழல!" என்று நவநீதன் டெர்மினலில் கத்தினான். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. குரல் பொருந்தவில்லை.

பூவிழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரே மலைச்சரிவில் சாலை தெரிந்தது, மடிந்து மடிந்து போகிற சாலை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நவநீதண்ணா."

"சொல்லு கண்ணு."

"நான் இதுவரைக்கும் சொல்லாதது ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவள் குனிந்து மைக்குக்குக் கிட்டே போயிருந்தாள். ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அவள் வேறு ஏதோ சொல்லப்போகிறாள் என்று அந்த ஒரு நொடி நம்பினான்.

"அன்னைக்கு ஒம்பதாம் வளைவுல நான் கூப்பிடல" என்றாள்.

"இப்ப நல்லாக் கேக்குதும்மா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "பதிவாயிடுச்சு. தைரியமா உண்மையைச் சொன்னீங்க. அதையும் எழுதறேன்."

இணைப்பு அறுந்தது.

நவநீதன் டெர்மினலைத் தட்டினான், மறுபடி கூப்பிட்டான், ஒயரை மாற்றிச் சொருகினான். வாக்குமூலம் முடிந்தது என்றது திரை. கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணினே?"

அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் ஈரம் இல்லை.

"ஒரு மாசமா நான் பேசறதை யாருங்ணா கேட்டாங்க?" என்றாள். "இப்பக் கேட்டாங்க பாருங்க."

இறங்கும்போது அவன் வண்டியில் டெர்மினல் இல்லை. அதை அங்கேயே போட்டுவிட்டு வந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின் காலடியில் அதிர்வது தெரிந்தது, கேட்கவில்லை. பதினைந்து வருடம் இரைச்சலைத் தேடித் தேடி ஒழித்தவனுக்கு இப்போது அந்தப் பழைய 'உய்ய்ங்' ஒரு தடவை கேட்டால் போதும் போல இருந்தது. இரைச்சலுக்கு நடுவில் கரகரவென்று ஒரு மனிதக் குரல் இருக்கும். பாதி சொல் போனாலும் மீதி பாதியை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மேல் வளைவுகளில் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். பத்தொன்பதில் தன் பள்ளிக்கூட வாத்தியார் பேரைச் சொன்னான். பதினாறில் சாம்பார் என்றான். பதிமூன்றில் வாயில் வந்ததைச் சொன்னான். என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒன்பதாம் வளைவு வந்தபோது ஒன்றும் வரவில்லை. சரிந்த தடுப்புச் சுவருக்குப் பதில் மூங்கில் கட்டியிருந்தார்கள். புதிதாக என்ன சொல்ல? இங்கே ஒரு ஆள் செத்தான். அதைப் புதிதாகச் சொல்லத் தெரியவில்லை. வழக்கப்படி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே தட்டைக் குரலில் சொன்னான்.

"ஒம்பது எறங்குது."

பதில் இல்லை. பதில் இல்லையென்றால் வழி காலி.

கிளட்சைப் பிடித்திருந்த கை விடமாட்டேன் என்றது. எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். அருவிச் சத்தம் ஒரேயடியாக முகத்தில் வந்து விழுந்தது; ஒரு வருடமாக அது அங்கேயே விழுந்துகொண்டிருந்ததை மறந்தே போயிருந்தான். வண்டியை விட்டு இறங்கி, ஒரு கையில் ஹெல்மெட்டோடு, மறு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, வளைவைச் சுற்றி நடந்தான்.

அந்தப் பக்கம் ஒரு வண்டி எஞ்சின் அணைந்து நின்றது. சாரதி. அவனும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். இப்போதெல்லாம் பயத்தில் ஏறுகிறவர்களும் கூப்பிட்டார்கள். இவனைக் கண்டதும் அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ இறங்கியது.

அருவிக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கூப்பிட்டியாடா?"

"கூப்பிட்டேனுங்ணா. கதையெல்லாம் தீந்து போச்சு, சும்மா 'ஒம்பது ஏறுது'ன்னு கூப்பிட்டேன். நீங்க?"

"கூப்பிட்டேன்."

சாரதி வாயைத் திறந்தான், வழக்கம்போல ஏதோ சொல்ல. வரவில்லை. இருவரும் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். கீழே வேறு ஏதாவது வண்டி ஏறிக்கொண்டிருக்கலாம், மேலே ஏதாவது இறங்கிக்கொண்டிருக்கலாம். கையில் இருந்த ஹெல்மெட்டுகள் இரண்டும் சும்மா இருந்தன.